காகிதப் படகுக்கு மஞ்சள் பூசிய அத்தை

குளித்துவிட்டு ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். கற்பூர வாசனை தூக்கியது. கோவளத்தில் எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு வர வேண்டியது மீன் வாசனை. கற்பூரம் எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தேன்.

டீப்பாய் மேல் என் படகு இருந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாக முதுகு ஒடிய உட்கார்ந்து, பழைய பேப்பரைக் குச்சி குச்சியாகச் சுருட்டி, ஒட்டி, காயவைத்து, முந்தின நாள்தான் முடித்திருந்த காகிதப் படகு. அன்றைக்குக் காலையில் செங்கல்பட்டில் கைவினைப் போட்டி. அதற்குத்தான் இத்தனை பாடு.

படகின் மூக்கில் மஞ்சள் அப்பியிருந்தது. மஞ்சளின் மேல் மூன்று குங்குமப் பொட்டு. முன்பக்கம் ஒரு முழம் சாமந்தி. பக்கத்தில் உடைத்த தேங்காய் மூடி இரண்டு. கீழே வெற்றிலையின் மேல் கற்பூரம் எரிந்து தீர்ந்த கரி. இதெல்லாம் போதாதென்று படகு முழுக்க மஞ்சள் தண்ணீர் வேறு தெளித்திருந்தது. தெளித்த இடமெல்லாம் காகிதம் கொப்புளம் கொப்புளமாக உப்பிக்கொண்டு வந்தது.

"ஐயோ, போச்சே!" என்று நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் வேலு, வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். படகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலேயே வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். விவரமான மனுஷன். என் பக்கம் பேசினால் அம்மாவிடம் வாங்க வேண்டும், அம்மா பக்கம் பேசினால் என்னிடம் வாங்க வேண்டும்.

யார் வேலை இது என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் இருந்தது நான், வேலு, என் மாமியார், ஒரு பூனை. பூனைக்குத் தேங்காய் உடைக்கத் தெரியாது.

போன வாரம் இந்தப் பத்தியில் கத்திரிக்கோல்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "காகிதம் வெட்டுவதெல்லாம் ஒரு வாழ்க்கையா, அம்மா?" என்று கேட்டிருக்கிறார். ஐயா, கோபித்துக்கொள்ளாமல் இந்த வாரத்தையும் படித்துவிடுங்கள். அப்புறம் பேசுவோம்.

பூனையிடம் சொல்லி அனுப்பியவை

நான் செங்கல்பட்டுப் பக்கத்துக் காலனிப் பெண். கோவளத்து ஆட்கள் கிறிஸ்தவர்களைச் சொல்கிற மாதிரி வேதக்காரி. எங்கள் தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் வேலை. அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். நான் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். வேலு அந்தக் கம்பெனிக்குக் கேப் ஓட்டினார். மீன்பிடிக்கிற குடும்பம், ஆனால் அவருக்குக் கடலில் போனால் தலை சுற்றும். அதனால் கார். கார் என்னைத் தினமும் ஏற்றிக்கொண்டு போனது. மீதியை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

கல்யாணம் ஆனது. வேலுவின் அம்மா, என் அத்தை, கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பொங்கல் வந்து போனது, பேசவே இல்லை.

"ஏரி மீனைத் துன்னுட்டு வளந்த பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்" என்று அக்கம்பக்கத்தில் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைக் காரணம் ஏரி மீன் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அக்கம்பக்கத்துக்கும் தெரியும். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சோற்றில் குறை வைத்ததில்லை. நான் வேலையிலிருந்து வருவதற்கு முன்னால் குழம்பு தயாராக இருக்கும். நல்ல துண்டு எனக்குத்தான் எடுத்து வைத்திருப்பார். என்னிடம் பேச வேண்டியதைப் பூனையிடம் சொல்வார், அவ்வளவுதான்.

"ஏ பூன, குயம்பு ஆறிப்பூடும். துன்றவங்க வந்து துன்னலாம்ல?"

"பூன, மாடியில துணி காயுது. மய வர்ற மாதிரி கீது."

நானும் பழகிவிட்டேன். "பூனை, எடுத்துட்டேன்னு சொல்லிடு" என்பேன். அந்தப் பூனைக்குக் குடும்ப விஷயம் ஒன்று விடாமல் தெரியும். பாவம், எங்கள் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்.

வேலு சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் வருஷம் கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. கடைசியில் ஒரே ஒரு ஆசை மட்டும் மிஞ்சியது. அத்தை என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும். என்ன வார்த்தையாக இருந்தாலும் சரி.

ஆறுதல் பரிசு அம்மணி

இதற்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

எனக்குக் காகிதப் பைத்தியம் பிடித்தது சின்ன வயதில், கிறிஸ்துமஸ் ஸ்டார் செய்யும்போது. எங்கள் தெருவுக்கும் அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கும் யார் குடில் அழகு என்று வருஷா வருஷம் சண்டை. ஒரு வருஷம் ஒட்டகத்தைக் காகிதத்தில் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. மார்கழிப் பனியில் ஒட்டகம் இரவோடு இரவாக முன்னங்காலை மடித்து உட்கார்ந்துவிட்டது. "பயண அலுப்பு" என்று நான் சமாளித்தேன். பாதிரியாருக்கு அது பிடித்துப்போய், எங்கள் குடிலுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அதுதான் நான் வாங்கிய உருப்படியான பரிசு. அதற்கப்புறம் வந்ததெல்லாம் ஆறுதல் பரிசு.

ஆறுதல் பரிசு என்றால் ஹாட் பாக்ஸ். நாட்டில் எங்கே கைவினைப் போட்டி நடந்தாலும், ஆறுதல் பரிசுக்கு ஹாட் பாக்ஸ் என்று யாரோ சட்டம் போட்டுவிட்டார்கள் போல. எங்கள் வீட்டுப் பரண் முழுக்க ஹாட் பாக்ஸ். அத்தை அதில் ஒன்றை எடுத்துக் சென்னாக்குனி என்கிற காய்ந்த பொடி இறாலைப் போட்டு வைத்திருந்தார். எனக்கு வந்த கௌரவம் அப்படியாக நாறியது.

கடலோரத்தில் காகித வேலை செய்கிறவர் படும் கஷ்டம் மற்றவர்களுக்குத் தெரியாது. உப்புக் காற்றில் அப்பளம் நமுக்கிற மாதிரி காகிதம் நமுத்துப்போகும். இன்றைக்கு விறைப்பாக நிற்கிற மயில் நாளைக்குத் தலையைத் தொங்கப் போட்டிருக்கும். அரிசி ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொன்னார்கள் என்று, செய்ததையெல்லாம் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். ஒருநாள் அத்தை உலைக்கு அரிசி எடுக்கக் கையை விட்டார். கையோடு ஓர் அன்னப்பறவை வந்தது.

"பூன, இந்த வூட்டுல அரிசியில வண்டு வரும், கேட்டுகீறேன். கொக்கு வந்து இப்பத்தான் பாக்குறேன்."

புதுப்பட்டினத்தில் ஒரு போட்டிக்கு வஞ்சிரம் மீன் செய்தேன். செதில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி ஒட்டினேன். உச்சி குளிர்ந்து, வாழை இலையில் வைத்துக் கூடத்தில் பார்வைக்கு வைத்தேன். மார்க்கெட்டிலிருந்து மீன் கூடையோடு வந்த அத்தை அதை ஒரு பார்வை பார்த்தார்.

"பூன, கண்ணப் பாத்தியா? உள்ள பூட்ச்சு. நாலு நாள் ஆன மீனு. இத எவன் வாங்குவான்?"

பூனைக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. மைதா பசையின் ருசியில் வாலைத் தின்றுவிட்டது. வாலில்லா வஞ்சிரத்துக்கு ஒரு ஹாட் பாக்ஸ் கிடைத்தது.

மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் புல்வெளியில் நடந்த போட்டிக்குக் கடற்கரைக் கோயிலையே செய்து எடுத்துப்போனேன். அசல் கோயில் எத்தனை புயலுக்கு நின்றிருக்கிறது! என்னுடையது நடுவர் வரும் வரைக்கும்கூட நிற்கவில்லை. ஒரே ஒரு காற்று. கோபுரம் பறந்து போய் நீச்சல் குளத்தில் விழுந்தது. குளித்துக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் அதைப் பத்திரமாக எடுத்து வந்து, ஈரம் சொட்டச் சொட்ட என் கையில் கொடுத்துவிட்டு வணக்கம் சொன்னார். ஹாட் பாக்ஸ்.

அப்போதெல்லாம் எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அத்தை மீன் விற்கிறவர். எதையும் "இன்னா தேறுச்சு?" என்றுதான் கேட்பார். ஒரே ஒரு தடவை முதல் பரிசுக் கோப்பையைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தால், இந்தப் பொண்ணுக்கும் ஏதோ தேறுகிறது என்று தோன்றும். அப்போது பேசாமல் எங்கே போவார்? நான் வெறி பிடித்த மாதிரி வெட்டியதும் ஒட்டியதும் இதற்காகத்தான்.

பேர் வைத்த கதை

செங்கல்பட்டுப் போட்டி பெரியது. எழுதுபொருள் விற்கிற கடைக்காரர்கள் சேர்ந்து கல்யாண மண்டபத்தில் நடத்தினார்கள். ஒரே நிபந்தனை: காகிதமும் பசையும் மட்டும்தான். பெயிண்ட், கம்பி, துணி, மணி எதுவும் கூடாது.

மீன்பிடிப் படகு செய்வது என்று முடிவெடுத்தேன். இப்போது கரையில் நிற்கிறதே ஃபைபர் படகு, இன்ஜினோடு, வலையோடு, அது. கையை விரித்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். பெயிண்ட் கூடாதே, நிறத்துக்கு என்ன செய்வது? வாரப் பத்திரிகை விளம்பரங்களை வெட்டினேன். சோப்புத் தூள் விளம்பரத்திலிருந்து நீலம், பட்டுப்புடவை விளம்பரத்திலிருந்து சிவப்பு. இந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களும் அதில் போயின. ஆசிரியர் மன்னிக்க வேண்டும். படகின் அடியில் ஒரு நகைக்கடை விளம்பரப் பெண்ணின் ஒற்றைக் கண் மட்டும் எப்படியோ மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தது.

அத்தை தினமும் கடந்து போவார். நிற்க மாட்டார். நடையை மட்டும் குறைப்பார்.

"பூன, அணியம் இம்மா தூக்கலா இருந்தா அலையில ஏறாது. கவுந்துபூடும்."

அணியம் என்றால் படகின் முன்மூக்கு. நான் மறுபேச்சில்லாமல் பிரித்து இறக்கினேன்.

"பூன, இப்ப ரொம்ப எறங்கிப்பூட்ச்சு."

ஏற்றினேன். வேலு பார்த்துவிட்டு என் காதில், "எங்கம்மா ஆயுசுல ஒரு தபா கூட போட்டுல ஏறினது கெடையாது. நீ இன்னாத்துக்கு இப்படி ஏத்தி எறக்கினுகீற?" என்றார். எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. பூனை வழியாக வந்தாலும் அது எனக்காக வந்த பேச்சு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை அணியத்தைப் பிரித்து ஒட்டவும் நான் தயார்.

படகு முடிகிற நேரத்தில் ஒரு யோசனை வந்தது. கொஞ்சம் ஐஸ் வைத்துப் பார்ப்போமே என்று. எல்லாப் படகுக்கும் பக்கவாட்டில் பேர் இருக்கும். நான் சிவப்புக் காகிதத்தில் எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டினேன்: கன்னியம்மா. அத்தையின் பேர். அவர் கும்பிடுகிற அம்மனின் பேரும் அதுதான்.

அன்று அத்தை நடையைக் குறைக்கவில்லை. நின்றேவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியும், மெதுவாகப் படிப்பார். உதடு அசைந்தது. இதோ பேசப் போகிறார் என்று கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"பூன," என்றார். அவ்வளவுதான், எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "பேர வெச்சா மட்டும் போதுமா? அப்பால செய்ய வேண்டியது கீதுல்ல?"

அப்பால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஏரிக்கரைக்காரிக்கு எப்படிப் புரியும்? பேர் வைக்கிற வரைக்கும் அது காகிதம். அம்மன் பேரை வைத்துவிட்டால் அது படகு. புதுப் படகு மஞ்சள் பூசாமல், தேங்காய் உடைக்காமல், கற்பூரம் காட்டாமல் வாசலைத் தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது. அந்தக் குப்பத்தில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. பூனைக்குச் சொன்னார்கள்.

படகு ரோட்டில் போனது

நடந்தது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை எனக்குப் புரிய இவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. ஆனால் புரிந்து என்ன பயன்? ஈரத்துணியால் மஞ்சளைத் துடைத்தேன், நீலக் காகிதம் உரிந்து வந்தது. ஹேர் டிரையரால் காயவைத்தேன், கொப்புளம் அப்படியே விறைத்துக்கொண்டது. பூவை மட்டும்தான் கழற்ற முடிந்தது. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பூனை!" என்று கத்தினேன். பூனை அங்கே இல்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அப்புறம் மறுபடியும் தொடங்கியது.

வேலுவுக்கு அன்று விமான நிலையச் சவாரி. நான் ஒருத்தியாக அந்த நீளப் படகைப் பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவேன்? போகாமலே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போது அத்தை வெளியே வந்தார். விசேஷத்துக்கு மட்டும் கட்டுகிற பச்சைப் பட்டு. தலை நிறையப் பூ. என்னைப் பார்க்காமல் படகின் பின்பக்கத்தைத் தூக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் வியாபாரத்துக்கு ராஜ நாள். மெட்ராஸிலிருந்து கார் காராக வருவார்கள். ஜுரத்திலும் ஞாயிறு வியாபாரத்தை விடாதவர் அத்தை. அன்றைக்குக் கூடை காலியாகச் சுவரில் சாய்ந்திருந்தது.

நான் முன்னால், அவர் பின்னால், நடுவில் படகு. தெருவில் ஒரு அண்ணன் வலை பின்னுவதை நிறுத்திவிட்டு, "இன்னா கன்னியம்மாக்கா, கடலு அந்தாண்ட கீது, நீ ரோட்டாண்ட போறே?" என்று கேட்டார். "நீ உன் வேலயப் பாரு நைனா" என்றார் அத்தை. கேளம்பாக்கம் வரை ஷேர் ஆட்டோ. அங்கிருந்து செங்கல்பட்டு பஸ்.

கண்டக்டர் வந்தார். "ரெண்டு பேரும் ஒண்ணா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அத்தை எதிர் ஜன்னலைப் பார்த்தார். படகு எங்கள் இரண்டு பேர் மடியிலும் கிடந்தது.

"ஒரே போட்டப் புட்ச்சினுகீறீங்க, ஒண்ணா இல்லியான்னு கேட்டா சொல்ல மாட்றீங்களே, இன்னா பேஜாரும்மா இது!" என்று தலையில் அடித்துக்கொண்டு, அவரே இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

திருப்போரூர் தாண்டி ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. படகு எகிறியது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பாய்ந்து பிடித்தோம். என் கையின் மேல் அத்தையின் கை விழுந்தது. உடனே எடுத்துவிட்டார்.

மண்டபம்

மண்டபத்தில் என்னென்னவோ வந்திருந்தன. காகித யானை, காகிதத் தேர், ஒரு பெண் காகிதத்திலேயே தலைவாழைச் சாப்பாடு போட்டிருந்தாள், ரசத்தில் கொத்தமல்லி மிதக்க. எங்களுக்கு ஒதுக்கிய மேஜையில் படகை வைத்து, மஞ்சள் தெரியாத மாதிரி சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுப் பேர் கொடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் படகு நேராகத் திரும்பியிருந்தது. நான் வீட்டில் கழற்றிப் போட்ட சாமந்தி மறுபடி அணியத்தில் ஏறியிருந்தது. அத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருக்கிறார். ஒன்றும் தெரியாதவர் போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் நடுவர் வந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு மேடம். நல்ல மனுஷி, சிரித்த முகம். வலையைப் பார்த்து "அடடா" என்றார். இன்ஜினைப் பார்த்து "பிரமாதம்" என்றார். கூட வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். என் கால் தரையில் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மோந்து பார்த்தார்.

"கற்பூரமா?"

நான் சாமந்தியைக் கையால் மறைக்கப் பார்த்தேன்.

"மஞ்சள், குங்குமம், பூ... விதிமுறை படிச்சீங்க இல்லையாம்மா? காகிதமும் பசையும் மட்டும்னு தெளிவா போட்டிருக்கோமே." அவருக்கே வருத்தமாக இருந்தது. "ரொம்ப நல்ல வேலை. ஆனா இதைப் போட்டியில சேர்த்துக்க முடியாது. ஸாரிம்மா."

ஒரு மாத உழைப்பு ஒரு நிமிஷத்தில் முடிந்தது. கோப்பை போயிற்று. கோப்பையோடு நான் போட்டு வைத்திருந்த கணக்கும் போயிற்று. ஆனாலும் மரியாதையாகப் பேச வேண்டும் என்று, "பரவால்ல மேடம். தப்பு எங்க மேலதான். தெரியாம நடந்துபோச்சு, ஸாரி" என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இருடி!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பிப் பார்த்தேன், யாரைச் சொல்கிறார் என்று. அங்கே பூனை இல்லை. வேலு இல்லை. அத்தை நேராக என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு நீ ஸாரி சொல்ற? ஒரு மாசமா குந்திகினு வெரலு வீங்க வீங்க சுருட்டினவ நீ! சோறு துன்னக்கூட எய்ந்து வராம கெடந்தவ நீ! நீ எதுக்குடி ஸாரி சொல்லணும்?"

நீ, நீ, நீ. என்னைத்தான். இத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை ஊரே பார்க்கத் திட்டாக வந்து விழுந்தது. மற்றவர்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். எனக்கோ வாய் காது வரைக்கும் போகப் பார்த்தது. அடக்கிக்கொண்டு நின்றேன்.

அத்தை அதற்குள் நடுவர் பக்கம் திரும்பிவிட்டார். "த பாரும்மா. மஞ்சா பூசினது எம் மருமவ இல்ல. நானு. அம்மன் பேரு வெச்ச போட்ட பூச போடாம வெளிய எட்த்தாந்தா, நாளைக்கு எம் புள்ள குடும்பத்துக்கு ஒண்ணுன்னா நீ வந்து நிப்பியா? தப்புன்னா என்னியத் தூக்கிப் போடு. அது போட்ட வுட்டுடு."

"அம்மா, நீங்க போட்டியிலயே இல்லையே. உங்களை எப்படிம்மா தூக்கறது?" என்றார் மேடம் பரிதாபமாக.

"சரி, மொத பிரைசு வாணாம். ரெண்டாவது குடு."

"அப்படியெல்லாம் கொடுக்க முடியாதும்மா."

"சரி, உனக்கும் வாணாம் எனக்கும் வாணாம். மூணாவது போட்டுக் குடு. காலைலருந்து மொத போணி, தட்டாத."

மண்டபம் குலுங்கியது. காகிதச் சாப்பாட்டுப் பெண் சிரித்த சிரிப்பில் அவளுடைய காகித அப்பளம் நொறுங்கிவிட்டது. மேடமும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் விதிமுறை விதிமுறைதான். கடைசியில் ஆறுதல் பரிசுக்கும் நாங்கள் தகுதியில்லை என்று ஆகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஹாட் பாக்ஸ்கூட இல்லாமல் வெளியே வந்தேன்.

திரும்பும் வழியில்

பஸ்ஸில் அத்தை என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கண்டக்டர் கேட்பதற்கு முன்னால், "ஒண்ணுதான்யா, ரெண்டு குடு" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை நேரம் அடக்கியது எல்லாம் சேர்ந்து கொட்டியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினேன். முழங்கை விலாவில் இடித்தது.

"இன்னாடி? பிரைசுக்கா அய்வுற? அது கெடக்குது, வுடு."

"பிரைசுக்கு இல்ல அத்தை."

"பின்ன?"

சொல்வதா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்தேன். இனிமேல் எதை மறைப்பது? "நீங்க என்கிட்ட பேசிட்டீங்க" என்றேன்.

அத்தை கண் ஓரத்தைப் புறங்கையால் சட்டென்று துடைத்துக்கொண்டு, என் பக்கம் கோபமாகத் திரும்பினார்.

"பேசாம? நான் இன்னா ஊமையா?"